சூடானால் நின்று, ஆறினால் ஓடும் பழைய புல்லட்: கோளாறு காயிலிலா, பெட்ரோலிலா?

காட்பாடி_புல்லட் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு புல்லட் 350. வார்ப்பிரும்பு இன்ஜின், 12 வோல்ட் பேட்டரி, பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் சிறு சுவிட்ச்) வைத்த பழைய இக்னிஷன். அப்பா வாங்கிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை. காட்பாடியிலிருந்து ஆரணிக்கு வாரத்தில் மூன்று நாள் இதில்தான் போய் வருகிறேன்.

காலையில் இரண்டாவது உதையிலேயே எடுத்துவிடும். பாலாற்றுப் பாலம், வேலூர் நெரிசல், கணியம்பாடி எல்லாம் தாண்டும் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. கண்ணமங்கலத்தை நெருங்கும்போதோ சற்றுத் தாண்டியோ நின்றுவிடுகிறது. சில நாள் அரைக் கிலோமீட்டர் தூரம் திக்கித் திணறி, ஆக்சிலேட்டரைத் திருகத் திருக இழுவை குறைந்து நிற்கும். சில நாள் சாவியை யாரோ திருப்பிவிட்டது போல ஒரே நொடியில் அணைந்துவிடும். எப்படி நின்றாலும், புளியமரத்து நிழலில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு இருபது முப்பது நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடுகிறது.

இதுவரை செய்தவை: பிளக் இரண்டு முறை மாற்றியாயிற்று. பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் புதிது. பெட்ரோல் டேப் புதிது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டுகிறது. பிளக்கின் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் காயிலைப் பட்டறையில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, 3.4 ஓம் இருக்கிறது, நல்ல காயில்தான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தெருவில் பெட்ரோல் திருட்டு இருந்ததால் சென்ற ஆண்டு டாங்க்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கிப் போட்டேன்; அதைத் தவிர வண்டியில் வேறு எதையும் மாற்றவில்லை.

இப்போது ஒருவர் கார்புரேட்டரையே புதிதாகப் போடச் சொல்கிறார். இன்னொருவர் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறச் சொல்கிறார். இரண்டையும் செய்த பிறகும் கண்ணமங்கலத்தில் நின்றால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

ராணிப்பேட்டை_மின்பணி எழுதியது:

தம்பி, ஒரு தொழிற்சாலையின் மின்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் நிற்பதும் பாயிண்ட் புல்லட்தான். நீங்கள் செய்த சோதனைகள் எல்லாமே வண்டி ஆறிய பிறகு செய்தவை. காயில், கண்டென்சர், பெட்ரோல் அடைப்பு ஆகிய மூன்றுமே இருபது நிமிடம் நிறுத்தினால் தாமாகச் சரியாகிவிடக்கூடியவை என்பதால், காத்திருந்த பிறகு வண்டி ஓடுவது எதற்கும் சான்றாகாது. வண்டி நின்ற முதல் இரண்டு நிமிடத்தில் பார்ப்பதுதான் கணக்கு. டீக்கடைக்குப் பிறகு போகலாம்.

நின்றவுடன் இறங்க வேண்டாம். சாவியை அணைக்காமல், இன்ஜினின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிக மெதுவாக அழுத்தி, ஹெட்லைட் கூண்டின் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் வழியாக ஏறத்தாழ மூன்றரை ஆம்பியர் ஓடுவதால் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் பாயிண்ட் ஒரு முறை திறக்கும் என்பதால் நான்கைந்து முறை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். உதைப்பதற்கு முன் முள் நடுவுக்கு வரும் இடத்தைத் தேடுவது புல்லட் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கம்தானே. அதே முள்தான் இங்கே வைத்தியரும்.

முள் சாய்வதும் நடுவுக்கு வருவதுமாக இருந்தால், பேட்டரி முதல் பாயிண்ட் வரை வழி திறந்திருக்கிறது என்று பொருள். சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சரோ அதன் வயரோ எங்கோ எர்த் ஆகிறது. நடுவிலேயே அசையாமல் நின்றால் வழி எங்கோ அறுந்திருக்கிறது: ஃப்யூஸ், சாவி சுவிட்ச், வயர் இணைப்பு, காயிலின் உட்சுற்று, கரி படிந்த பாயிண்ட் ஆகிய ஐந்தில் ஒன்று.

அந்த ஐந்தில் எது என்று பிரிக்க மீட்டர் வேண்டியதில்லை. ஸ்பீடோமீட்டருக்குள் போடும் 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு முழ வயரைப் பற்றவைத்து டூல்பாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். பாயிண்ட் மூடியைக் கழற்றி, இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு பேருந்துச் சீட்டைச் செருகிவிடுங்கள்; பாயிண்ட் திறந்திருப்பதற்குச் சமம் அது. சாவி போட்ட நிலையில் பல்பின் ஒரு வயரை இன்ஜினில் தொட்டுக்கொண்டு, மற்றொன்றை முதலில் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையிலும், பிறகு காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் முனையிலும் தொட வேண்டும். முதல் முனையில் எரியாவிட்டால் கோளாறு அதற்கு முன்னால், சாவி சுவிட்ச் பக்கம். முதல் முனையில் எரிந்து இரண்டாவதில் எரியாவிட்டால் காயிலுக்குள்ளே கம்பி விட்டிருக்கிறது. இரண்டிலும் எரிந்தால் காயில் வழியாகப் பாயிண்ட் பக்கம் வரை மின்சாரம் வருகிறது. பாயிண்ட் முனையை உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டறையில் சொன்ன 3.4 ஓம் பொய்யில்லை. ஆனால் அது ஆறிய காயிலின் 3.4 ஓம். உள்ளே தாமிரக் கம்பி ஒரு முடி அளவு விட்டிருந்தாலும், குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டு முழு அளவைக் காட்டும். சூட்டில் விரிந்ததும் விலகிவிடும். சாவியைத் திருப்பியது போல அணைகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனம் காயிலிடம்தான் போனது.

இன்னொன்று: வண்டி நின்ற பிறகு சாவியைப் போட்டபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் அந்த மூன்றரை ஆம்பியரும் இடைவிடாமல் ஓடிக் காயிலை அவித்துவிடும்.

குடியாத்தம்_பட்டறை எழுதியது:

ஐயா சொன்ன சோதனை முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் கேள்வியில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரே நொடியில் அணைவது மின்சாரத்தின் குணம். அரைக் கிலோமீட்டர் திணறி இழுவை குறைந்து நிற்பது, கார்புரேட்டருக்கு அடியிலுள்ள ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் இறங்கி இறங்கிக் காலியாவதன் குணம். அண்ணா, நீங்கள் ஒரே கோளாறு இரண்டு விதமாகக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் வண்டியில் இரண்டு கோளாறுகள் இருப்பதாகத்தான் படுகிறது. இரண்டும் ஒரே ஊரில் வண்டியை நிறுத்துவதாலும், இரண்டுக்கும் டீக்கடையே மருந்தாக இருப்பதாலும் ஒன்றாகத் தெரிகிறது.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தப் பூட்டு மூடியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். புல்லட்டில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டாங்க்கிலிருந்து தன் எடையால்தான் இறங்க வேண்டும். இறங்கிய பெட்ரோலின் இடத்துக்கு மூடியிலுள்ள ஊசித்துளை வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். டாங்க்கின் பெட்ரோல் மட்டத்துக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உயரம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது என்பதால் அதன் அழுத்தம் 15 சென்டிமீட்டர் தண்ணீருக்குத்தான் சமம். காற்றழுத்தத்தில் அது வெறும் ஒன்றரை விழுக்காடு. அதாவது டாங்க்குக்குள் இருக்கும் காற்று ஒன்றரை விழுக்காடு விரிந்தாலே போதும், பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். பாதி டாங்க்கில் ஏழு லிட்டர் காற்று இருந்தால் 100 மில்லி சற்றே கூடுதலாகச் செலவாவதற்குள் அந்த நிலை வந்துவிடும். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு அது நான்கு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. உங்கள் வண்டி இருபது கிலோமீட்டருக்கு மேல் வருகிறது என்றால் துளை முழுவதும் அடைபடவில்லை. ரப்பர் வளையத்தின் ஓரமாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகிறது, வெயிலில் எழும் பெட்ரோல் ஆவியும் கொஞ்சம் ஈடுகட்டுகிறது என்று பொருள்.

இதிலிருந்து ஒரு கேள்வி வருகிறது. டாங்க் நிரம்பியிருக்கும் நாளில் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு என்பதால் வண்டி சீக்கிரம் திணறும். பாதி காலியாக இருக்கும் நாளில் அதே மூடியோடு ஆரணி போய்ச் சேர்ந்துவிடலாம். திணறி நின்ற நாட்களில் நீங்கள் எவ்வளவு பெட்ரோல் வைத்திருந்தீர்கள்?

சோதனை எளிது. திணறும்போது வண்டியை நிறுத்தி, ஐயா சொன்னபடி முள்ளைப் பார்த்துவிட்டு, உடனே மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால் அதுதான் கோளாறு. ஆனால் ஒரு முறை திறந்துவிட்டால் சான்று போய்விடும்; மறுபடி திறந்து கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். பிளக்கில் பொறி பார்ப்பதாக இருந்தால் மூடியைப் பூட்டிய பிறகு, பெட்ரோல் ஒரு சொட்டும் சிந்தாத நிலையில் பாருங்கள். கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

பெட்ரோல் டியூபையும் மாற்றிவிடுங்கள். இப்போது பம்புகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் டியூப் அதில் உப்பி உட்புறம் செதில் செதிலாக உரிவதை என் பட்டறையில் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். எத்தனால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால், நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிகளின் டாங்க் அடியில் துரு சேர்கிறது. வாரம் மூன்று நாள் ஓடும் வண்டிக்கு அந்தப் பயம் குறைவு.

கார்புரேட்டருக்கோ எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கோ இப்போது ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

ஆம்பூர்_ஆர்எக்ஸ் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடைய ஆர்.எக்ஸ். 100 வண்டியும் ஏலகிரி மலை ஏறும்போது பாதி வளைவுகளுக்குள் இதே போல அணைந்து, ஆறினால் கிளம்புகிறது. இந்தப் பல்புச் சோதனையை நானும் செய்யலாமா?

ராணிப்பேட்டை_மின்பணி எழுதியது:

வேண்டாம் தம்பி. உங்கள் வண்டியில் பாயிண்ட் கிடையாது, சி.டி.ஐ. என்னும் எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டிதான். பேட்டரியை நம்பாமல், இன்ஜினோடு சுழலும் காந்தத்தால் மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்தே பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் அமைப்பு அது. அதன் வயர்களில் ஒரு நூறு வோல்ட்டுக்கு மேல் வரும் என்பதால் கையையும் பல்பையும் வைக்கக் கூடாது. மேக்னெட் தட்டுக்குள் இருக்கும் சார்ஜ் காயிலின் ஓம் அளவை ஆறியபோது ஒரு முறையும், அணைந்த உடனே சாவியை அணைத்துவிட்டு ஒரு முறையும் எடுத்து ஒப்பிடுங்கள். அளவு கொஞ்சம் கூடுவது இயல்பு. எல்லையில்லாமல் போனால் அந்தக் காயில்தான். விரிவாகப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

காட்பாடி_புல்லட், மூன்று வாரம் கழித்து எழுதியது:

ராணிப்பேட்டை ஐயாவுக்கும் குடியாத்தம் நண்பருக்கும் முதலில் என் நன்றி. வண்டி இரண்டு முறை நின்றது. இம்முறை இரண்டையும் ஆறவிடாமல் பிடித்தேன்.

முதல் முறை கண்ணமங்கலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரே நொடியில் அணைந்தது. சாலையோரம் உருட்டி நிறுத்தி, இருக்கையை விட்டு இறங்காமல் கிக்கரை மெதுவாக ஆறேழு முறை அழுத்தினேன். முள் நடுவிலேயே குத்திட்டு நின்றது. ஹாரன் அடித்தது, அதனால் ஃப்யூஸ் இல்லை. பாயிண்ட் மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் இருந்த பேருந்துச் சீட்டை மடித்துச் செருகிவிட்டுப் பல்பை வைத்தேன். காயிலின் முதல் முனையில் பளிச்சென்று எரிந்தது. பாயிண்ட் பக்க முனையில் துளியும் எரியவில்லை. காயிலைத் தொட்டால் கை பொறுக்காத சூடு. பல்பை அப்படியே முனையில் கட்டிவிட்டு, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக் காயில் மேல் சுற்றி, முனைகளில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறாவது நிமிடம் பல்பு ஒரு முறை மினுக்கி அணைந்தது. பிறகு நிலையாக எரிந்தது. சீட்டை உருவிவிட்டு உதைத்தேன், வண்டி எடுத்துவிட்டது. வேடிக்கை பார்க்க நின்ற பெரியவர் ஒருவர், வண்டிக்குக் காய்ச்சலா, பத்து போடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலையே புதுக் காயில் மாற்றினேன். அடுத்த நான்கு பயணங்களில் எந்தத் தொல்லையும் இல்லை. ஐந்தாவது நாள் காலையில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். கண்ணமங்கலம் தாண்டியதும் பழையபடி திணறத் தொடங்கியது. நிறுத்திப் பார்த்தால் முள் ஒழுங்காகச் சாய்ந்து சாய்ந்து நடுவுக்கு வந்தது. மூடியில் சாவியைப் போட்டுத் திருகியதும் குக்கர் மூச்சை உள்ளே இழுத்தது போல ஒரு சத்தம். அரை நிமிடம் விட்டு, மூடியைத் தளர்வாக வைத்துக்கொண்டு உதைத்ததில் இரண்டாவது உதையிலேயே எடுத்தது. ஆரணி வரை திணறவில்லை.

வீட்டுக்கு வந்து மூடியைப் பிரித்ததில், துளை இருக்கிறது. ஆனால் அதற்கு உட்புறம் போட்டிருந்த ரப்பர் வளையம் பெட்ரோலில் உப்பித் துளையின் மேல் பாதிக்கு மேல் படர்ந்திருந்தது. பிளேடால் அந்த இடத்தை மட்டும் அரைவட்டமாக நறுக்கிவிட்டேன். வாயை வைத்து ஊதினால் இப்போது காற்று தடையின்றிப் போகிறது. பெட்ரோல் போட்ட சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். திணறி நின்றதாக எனக்கு நினைவிருக்கும் மூன்று நாளும் டாங்க் நிரப்பிய நாட்களே.

கேட்க வேண்டியது ஒன்று மிச்சம். பழைய காயிலை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டூல்பாக்ஸில் வைத்துக்கொள்ளலாமா? ஆறினால் வேலை செய்கிறதே.

ராணிப்பேட்டை_மின்பணி எழுதியது:

வைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பழைய காயிலை ஈரம் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மீட்டரின் இரண்டு வயர்களை மட்டும் வெளியே விட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்குங்கள். தாமிரத்தின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு ஏறும் என்பதால், 30 டிகிரியில் 3.4 ஓம் காட்டும் நல்ல காயில் 80 டிகிரியில் நான்கு ஓமுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். அதற்கு மேல் தாவினால் உள்ளே கம்பி விட்டிருக்கிறது.

புதிதாக வாங்கிய காயிலையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். கடைகளில் 6 வோல்ட் காயிலை 12 வோல்ட் என்று மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும். ஒன்றரை ஓம் அளவில் காட்டினால் உடனே திருப்பிக் கொடுங்கள். ஆம்பியர் இரட்டிப்பாகி, பாயிண்ட் இரண்டே மாதத்தில் கருகிப் போகும்.

காட்பாடி_புல்லட் எழுதியது:

புதுக் காயில் 3.6 ஓம், சரியாக இருக்கிறது. பழையதை நேற்றிரவு சுடுதண்ணீரில் இறக்கினேன். 3.4 என்று தொடங்கி, 3.5, 3.7, 3.8 வரை நீங்கள் சொன்ன கணக்கிலேயே ஏறிக்கொண்டு வந்த எண் திடீரென்று மறைந்து, மீட்டர் வெற்றுக் கோடு காட்டியது. எடுத்து ஆறவைத்ததும் மறுபடி 3.4. பார்ப்பவர் எவரும் நல்ல காயில் என்றே சொல்லிவிடுவார்கள் என்பதால், அதன் இரண்டு முனைகளையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் பழைய இரும்புக்குப் போட்டேன்.